விண்கல உட்பரப்புகளுக்குப் பாக்டீரியா எதிர்ப்புப் பூச்சு: தேர்விலிருந்து பறப்பு மாதிரி வரை முழுமையான வழிகாட்டி

மனிதர் தங்கும் விண்கலத்தின் உட்பரப்பு ஒன்றுக்குப் பாக்டீரியா எதிர்ப்புப் பூச்சைத் தேர்ந்து, சோதித்து, பறப்புக்கு அனுப்பும் நிலைவரை கொண்டுசெல்ல வேண்டிய பணிக்கான வழிகாட்டி இது. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் வெள்ளியா, செம்பா, டைட்டானியம் டைஆக்சைடா என்று பொருளைத் தேடுவதில்தான் தொடங்குகிறார்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு அந்த வரிசையே வேர். பூச்சு எந்தப் பரப்பில், எவ்வளவு ஈரத்தில், எவ்வளவு ஒளியில் வேலை செய்யப்போகிறது என்பது முடிவான பிறகே பொருளின் பெயர் பேச்சில் வர வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பூச்சு ஏறவிருக்கும் பாகத்தின் வரைபடம். அதில் உலோகக் கலவையின் எண், இப்போதுள்ள மேற்பூச்சு, சொரசொரப்பு அளவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இரண்டாவது, கேபின் காற்றின் விவரம்: அழுத்தம், ஆக்சிஜன் விழுக்காடு, வெப்பநிலை, ஈரப்பதம். மூன்றாவது, பயணிகள் அந்தப் பரப்பைத் துடைக்கப் பயன்படுத்தப்போகும் துடைப்பான்களில் உள்ள வேதிப்பொருள்களின் பட்டியல். இந்த மூன்றாவதைக் கேட்டு வாங்காமல் தொடங்குபவர்கள்தான் அதிகம். பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அதுதான்.

ஆய்வகத் தரப்பில், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற நோய்க்கிருமிகளைக் கையாள்வதால் உயிர்ப்பாதுகாப்பு நிலை 2 வசதி தேவை. மாதிரித் தகடுகளை ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து, தேவைக்கு மேலாகவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்டீரியாவுக்கு ஒருமுறை சோதிக்க, பூசியவை 3, பூசாதவை 6 என 9 தகடுகள் வேண்டும். இரண்டு பாக்டீரியாக்கள், புதிய நிலையில் ஒருமுறை, முதுமையூட்டிய பிறகு (அதாவது, பலமுறை துடைத்துப் பழையதாக்கிய பிறகு) இருமுறை என்று பெருக்கினால் 54 ஆகிறது. இதில் இன்னும் ஒரு வகையைச் சேர்க்க வேண்டும்: செயற்பொருள் (பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்) மட்டும் இல்லாத, மற்றபடி அதே பிணைப்பி (பூச்சைப் பரப்போடு பிடித்துவைக்கும் பொருள்) கொண்ட பூச்சு. அது இல்லாவிட்டால், பாக்டீரியாவைக் கொன்றது வெள்ளியா, முழுமையாக உலராத பிணைப்பியிலிருந்து கசிந்த கரைப்பானா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

1. பரப்பை வகைப்படுத்துங்கள்

கேபினுக்குள் இருக்கும் பரப்புகள் நுண்ணுயிர் நோக்கில் நான்கு வேறு உலகங்கள். கைப்பிடி, கதவு, விசைப்பலகை ஆகியவை உலர்ந்த தொடுபரப்புகள். அங்கே பாக்டீரியா தோல் செதிலோடும் வியர்வையோடும் வந்து சேரும். பலகைகளின் பின்புறம், குளிர்ந்த குழாய்கள் ஆகியவை அவ்வப்போது நீர் படியும் பரப்புகள். குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் உட்சுவர் எப்போதும் நனைந்திருப்பது. காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்கும் வெப்பப் பரிமாற்றி நான்காவது வகை. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஈர்ப்பு உணரப்படாத சூழலில் நீர் கீழே வடிவதில்லை. மேற்பரப்பு இழுவிசையால் அது பலகையின் பின்புறமும் மூலைகளிலும் திரண்டு ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் தங்கும். மிர் என்ற பழைய ரஷ்ய விண்வெளி நிலையத்தில் பலகைகளுக்குப் பின்னால் இப்படித் தேங்கிய நீர்த்திரள்களில் பாக்டீரியா, பூஞ்சை மட்டுமல்லாமல் அமீபாவும் காணப்பட்டன. ஆகவே கண்ணில் படும் பரப்புகளை மட்டும் பட்டியலிட்டு நிறுத்தாதீர்கள்.

வெளிப்பரப்புகளை இப்பட்டியலில் சேர்ப்பது பொதுவான பிழை. செவ்வாயில் இறங்கும் கலங்களுக்கான கோளப் பாதுகாப்பு விதிகள் (பூமியின் நுண்ணுயிர்கள் பிற கோள்களுக்குப் போகாமல் தடுப்பவை) ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 300 வித்துக்கள் என்ற வரம்பை வைக்கின்றன. அங்கே எண்ணப்படுபவை பாக்டீரிய வித்துக்கள், அதாவது கடும் சூழலைத் தாங்க உறங்குநிலைக்குப் போன செல்கள். வெள்ளி, செம்புப் பூச்சுகள் வளரும் செல்களைக் கொல்லும் அளவுக்கு வித்துக்களைக் கொல்வதில்லை. அதற்கும் மேலாக, சோதனைத் துடைப்பானில் ஒட்டிவரும் உலோக அயனி காலனி வளர்ச்சியைத் தடுத்து, உண்மையில் இருப்பதைவிடக் குறைவான எண்ணைக் காட்டிவிடும். வெளிப்பரப்புக்கு உலர்வெப்ப முறையும் தூய அறை ஒழுங்குமே வழி.

2. இலக்கை எண்ணாக எழுதுங்கள்

‘பாக்டீரியா வளரக் கூடாது’ என்பது இலக்கு ஆகாது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உட்பரப்புக்கான ஏற்பு வரம்பு 100 சதுர சென்டிமீட்டருக்குப் பாக்டீரியா 10,000 காலனி அலகுகள் (வளர்தட்டில் காலனியாக வளரக்கூடியவற்றின் எண்ணிக்கை), பூஞ்சை 100 காலனி அலகுகள். உங்கள் கலத்துக்கு வேறு வரம்பு இருந்தால் அதை எழுதுங்கள். கூடவே எவ்வளவு நேரத்தில் குறைய வேண்டும், எத்தனை மாதம் அந்தத் திறன் நிலைக்க வேண்டும் என்பதையும் குறியுங்கள். நேரமும் ஆயுளும் இல்லாத இலக்கை வைத்து இரண்டு பூச்சுகளை ஒப்பிடவே முடியாது.

3. கொல்லும் வழியைப் பரப்போடு பொருத்துங்கள்

வெள்ளி வேலை செய்வது அயனியாகக் கரைந்து வரும்போது. கரைவதற்கு நீர் வேண்டும். எனவே நீர் படியும் பரப்பில் அது வலுவானது; உலர்ந்த கைப்பிடியில் அதன் திறன் வெகுவாகச் சரியும். தொடர்ந்து கரைவதால் பூச்சிலுள்ள இருப்பும் தீரும். குடிநீரைத் தொடும் பரப்பாக இருந்தால், நீண்டகாலப் பயணத்துக்கு நாசா வகுத்துள்ள லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் என்ற வெள்ளி வரம்பைக் கரைவு தாண்டக் கூடாது.

செம்பும் பித்தளையும் உலர்ந்த தொடுபரப்பில் வெள்ளியைவிட நம்பகமானவை. அறை வெப்பநிலையில், குறைந்த ஈரப்பதத்திலும் அவை செயல்படும். எடை, நிறம் மங்குதல், அலுமினியத்தோடு சேரும்போது ஏற்படும் மின்வேதி அரிப்பு ஆகியவை அவற்றின் குறைகள். வெள்ளிக்கும் இதே அரிப்புச் சிக்கல் உண்டு: பூச்சில் ஊசித்துளை ஒன்று இருந்து அதில் ஈரம் புகுந்தால், அரிக்கப்படுவது வெள்ளியன்று, அடியிலுள்ள அலுமினியம்தான்.

டைட்டானியம் டைஆக்சைடு எதையும் கரைத்து வெளியிடாமல் ஒளியால் இயங்குவது என்பதால் பலரையும் ஈர்க்கிறது. அதன் அனடேஸ் வடிவத்தின் ஆற்றல் இடைவெளி (அதை இயக்க ஒளியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட்; அதாவது, ஏறத்தாழ 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீள ஒளி தேவை. கேபினின் எல்.இ.டி. விளக்குகளில் அந்தப் பகுதி அநேகமாக இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இயங்கும்படி நைட்ரஜன் போன்றவை கலந்த வகையைத் தேர்ந்தாலும், சோதனையை உங்கள் கேபின் விளக்கின் கீழேயே நடத்துங்கள். பலகையின் பின்புறத்துக்கு இந்த வழி பொருந்தவே பொருந்தாது.

நான்கிணைய அம்மோனியம் சிலேன் வகைப் பூச்சுகள் தொட்ட செல்லின் சவ்வைச் சிதைப்பவை. மெல்லியவை, நிறமற்றவை, பூசுவதற்கு எளியவை. ஆனால் அழுக்குப் படலம் மூடியவுடன் தொடுகை அறுபட்டுவிடும். எதிர்மின் வகைச் சோப்பு பட்டாலும் செயலிழக்கும்.

கொல்லாமல் ஒட்டவிடாமல் தடுக்கும் நீர்விலக்கிப் பரப்புகள் இன்னொரு வழி. தொடுபரப்புக்கும் குழாய்க்கும் இவற்றைப் பரிசீலிக்கலாம். ஆனால் ஈரம் பிரிக்கும் வெப்பப் பரிமாற்றியில் நீர்விலக்கிப் பூச்சு பெருந்தவறு. அங்கே நீர் மெல்லிய படலமாகப் பரவி உறிஞ்சப்பட வேண்டும். துளிகளாகத் திரண்டால் காற்றோட்டம் அவற்றை அடித்துக்கொண்டு போய்க் கேபினுக்குள் தள்ளும். அதனால்தான் அங்கே நீரை ஈர்க்கும் பூச்சோடு வெள்ளிச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள்.

4. நுண்ணுயிர்ச் சோதனைக்கு முன் கேபின் பாதுகாப்புச் சோதனை

பாக்டீரியா எண்ணிக்கை பிரமாதமாகக் குறைந்த பூச்சைப் பிறகு தீப்பற்றும் காரணத்துக்காகக் கைவிட யாருக்கும் மனம் வராது. விலக்கு கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே இந்தப் படி முன்னால் வரட்டும்.

பொருளிலிருந்து ஆவி வெளியேறுவதை அளக்கும் இரண்டு வாயுக் கசிவுச் சோதனைகளைக் குழப்பிக்கொள்வது மிகப் பொதுவான பிழை. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பின் இ 595 என்பது வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, மொத்த எடையிழப்பு 1.0 விழுக்காட்டுக்கும், குளிர்தட்டில் படியும் ஆவிப்பொருள் 0.10 விழுக்காட்டுக்கும் மிகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அது முக்கியமாக வெளிப்பாகங்களுக்கும் ஒளியியல் கருவிகளுக்கு அருகிலுள்ள பாகங்களுக்கும் உரியது. மனிதர் சுவாசிக்கும் கேபினுக்கு வேண்டியது நாசாவின் எஸ்.டி.டி. 6001 தரநிலையில் உள்ள நச்சு வாயுக் கசிவுச் சோதனை: மூடிய கொள்கலனில் சுமார் 50 டிகிரியில் 72 மணி நேரம் வைத்து, வெளியேறிய ஒவ்வொரு சேர்மத்தையும் அடையாளம் கண்டு அளப்பது. முதலாவதில் தேறிய பொருள் இரண்டாவதிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிலிக்கோன் அடிப்படையிலான பிணைப்பிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சிலிக்கோனிலிருந்து வெளியேறிக் கேபின் காற்றில் சேரும் சிலாக்சேன் சேர்மங்கள் சிதைந்து, நீரில் கரையும் டைமெத்தில்சிலேன்டையால் என்ற சேர்மமாகி, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் நீர் மறுசுழற்சி அமைப்பில் கரிமச்சுமையை ஏற்றிய அனுபவம் 2010 முதல் பதிவாகியிருக்கிறது. சிலாக்சேன் வெப்பப் பரிமாற்றியின் நீரீர்ப்புப் பூச்சையும் கெடுக்கும். சிறிய கைப்பிடியில் ஏறும் ஒரு பூச்சு, தொலைவிலுள்ள நீர் அமைப்பைத் தொடுவது இந்த வழியில்தான்.

தீப்பற்றும் சோதனையைப் பறப்பில் இருக்கும் அதே தடிமனில், அதே அடிப்பரப்பில், உங்கள் கேபின் அடையக்கூடிய மிக உயர்ந்த ஆக்சிஜன் விழுக்காட்டில் நடத்த வேண்டும். கடல்மட்ட அழுத்தத்தில் தேறிய பூச்சு, நிலவுப் பயணத் திட்டங்களில் பேசப்படும் 34 விழுக்காடு ஆக்சிஜன் சூழலில் தேறாமல் போகலாம். மேல்நோக்கிப் பரவும் சுடர் 15 சென்டிமீட்டருக்குள் தானாக அணைய வேண்டும் என்பது அடிப்படை அளவுகோல்.

5. அடிப்பரப்பைத் தயார்செய்யுங்கள்

பூச்சு உரிந்ததாகச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் பழுதானது பூச்சன்று, அதற்கு முன் நடந்த கழுவுதல். எண்ணெய் நீக்குதல், காரக் கழுவல், ஆக்சைடு நீக்கம், நன்னீர் அலசல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய் இருக்கும்போது ஆக்சைடு நீக்கியை இட்டால் அது திட்டுத்திட்டாகத்தான் வேலை செய்யும்.

அலசி முடித்த தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் தூயநீரை ஓடவிடுங்கள். நீர் ஒரே படலமாக உடையாமல் அரை நிமிடம் நின்றால் பரப்பு தூய்மை. எங்காவது படலம் கிழிந்து விளிம்பு சுருங்கினால், அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இருக்கிறது. கையுறை அணியாத விரலால் தகட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள். விரல்தடம் பட்ட இடத்தில் மட்டும் நீர் ஒதுங்குவது தெளிவாகத் தெரியும். புதியவர்களுக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அதற்குப் பிறகு தகட்டை ஓரத்தில்கூடத் தொட மாட்டார்கள்.

தூய்மையான தகடு காற்றில் ஆக்சைடு ஏற்கத் தொடங்குவதால், எத்தனை மணி நேரத்துக்குள் பூச வேண்டும் என்பதைச் செயல்முறைத் தாளில் எழுதி அதை மீறாதீர்கள்.

6. தடிமன், சொரசொரப்பு, ஒட்டுதிறன்

ஒட்டுதிறனைக் குறுக்குக் கீறல் முறையில் பார்ப்பது எளிது: பூச்சைக் கட்டம் கட்டமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்து, எத்தனை கட்டங்கள் உரிந்தன என்று பார்ப்பது. இதில் ஒரு பொறி உண்டு. ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் 2409 அளவீட்டில் 0 சிறந்தது, 5 மோசமானது. ஏ.எஸ்.டி.எம். டி 3359 அளவீட்டில் 5பி சிறந்தது, 0பி மோசமானது. அறிக்கையில் ‘மதிப்பு 5’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதிர்மாறாகப் புரிந்துகொள்வார். தரநிலையின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

பூச்சு ஏறிய பிறகு சொரசொரப்பை மீண்டும் அளக்க வேண்டும். உணவுத் தொழில் கருவிகளுக்கு 0.8 மைக்ரோமீட்டர் சராசரிச் சொரசொரப்பு என்ற வரம்பு வழக்கில் இருக்கிறது. இங்கும் அது நல்ல தொடக்கப்புள்ளி. செயற்பொருளை அதிகம் சேர்க்கச் சேர்க்கப் பரப்பு கரடாகி, கொல்லும் திறன் கூடும் அதே வேளையில் அழுக்கைப் பிடித்துவைக்கும் திறனும் கூடும்.

7. நடுநிலையாக்கியைச் சரிபாருங்கள்

முழு வேலையிலும் அதிகமாகத் தவிர்க்கப்படுவது இந்தப் படி. பாக்டீரியாவைத் தகட்டிலிருந்து கழுவி எடுக்கும்போது கூடவே வெள்ளி அயனியோ அம்மோனியச் சேர்மமோ கழுவுநீரில் வந்துவிடும். அதை நடுநிலையாக்கி என்ற வேதிப்பொருளால் அந்தக் கணமே செயலிழக்கச் செய்யாவிட்டால், கொல்லுதல் கழுவுநீரிலும் வளர்தட்டிலும் தொடரும். தகட்டில் உயிரோடிருந்த செல்கள் இறந்தவையாகக் கணக்கில் வரும். நம்ப முடியாத அளவு நல்ல முடிவு கிடைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

லெசித்தினும் பாலிசார்பேட் 80-உம் கொண்ட கழுவுநீர் அம்மோனியச் சேர்மங்களுக்குப் போதும். வெள்ளிக்குத் தயோசல்ஃபேட் அல்லது தயோகிளைக்கோலேட் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள். நடுநிலையாக்கி மட்டுமே பாக்டீரியாவைப் பாதிக்கிறதா? பூசிய தகட்டைக் கழுவிய நீரில் புதிதாக அறிந்த எண்ணிக்கை பாக்டீரியாவைச் சேர்த்தால் அத்தனையும் வளர்கின்றனவா? இரண்டாவதில் எண் குறைந்தால் மேற்கொண்டு போகாதீர்கள்.

8. ஈரநிலைச் சோதனை

ஐ.எஸ்.ஓ. 22196 இதற்கான பொது முறை. 50 மில்லிமீட்டர் சதுரத் தகட்டில், 500 மடங்கு நீர்த்த ஊட்டக் குழம்பில் உள்ள பாக்டீரியாக் கரைசலை 0.4 மில்லிலிட்டர் இட்டு, 40 மில்லிமீட்டர் சதுர மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, 35 டிகிரியில், 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு 10 மில்லிலிட்டர் கழுவுநீரில் எடுத்து எண்ண வேண்டும்.

படலத்தை வைக்கும் விதம் முக்கியம். ஒரு விளிம்பை முதலில் துளியில் தொடவிட்டு மெதுவாகச் சாய்த்து இறக்கினால் திரவம் ஓரம்வரை பரவும். மேலிருந்து போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். குமிழுக்குக் கீழே பூச்சுக்கும் பாக்டீரியாவுக்கும் தொடுகையே இராது. விளிம்புக்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டுப் புதியதை எடுங்கள். நீர்விலக்கிப் பூச்சில் திரவம் ஒதுங்கப் பார்க்கும்; அங்கே திரவத்தின் அளவையும் படலத்தின் அளவையும் மாற்றினால் மாற்றியதை அறிக்கையில் பதியுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மில்லிலிட்டருக்கு 6 லட்சம் செல்கள் கொண்ட கரைசலில் 0.4 மில்லிலிட்டர் என்றால் 2.4 லட்சம் செல்கள். படலத்தின் பரப்பு 16 சதுர சென்டிமீட்டர் என்பதால் சதுர சென்டிமீட்டருக்கு 15,000. பூசாத தகட்டில் தொடக்கத்தில் இந்த எண் 6,200-க்கும் 25,000-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் நிபந்தனை, சரி. 24 மணி நேரத்துக்குப் பின், பூசாத தகட்டின் கழுவுநீரை 10,000 மடங்கு நீர்க்கச்செய்த தட்டில் மில்லிலிட்டருக்கு 80 காலனிகள் என்றால், 80 பெருக்கல் 10,000 பெருக்கல் 10, வகுத்தல் 16. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5 லட்சம், மடக்கை (10-ஐ அடியாகக் கொண்ட லாகரிதம்) 5.7. பூசிய தகட்டில் நீர்க்காத கழுவுநீரிலேயே 8 காலனிகள் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 5, மடக்கை 0.7. வேறுபாடு 5.0. அதுவே எதிர்ப்புத்திறன் மதிப்பு.

ஒப்பிட வேண்டியது 24 மணி நேரத்துக்குப் பின் பூசாத தகட்டோடு. தொடக்க எண்ணோடு அன்று. புதியவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு, ஒரே பூச்சுக்கு இரண்டு விடைகளோடு வருவார்கள்.

ஜப்பானியத் தரநிலையான ஜே.ஐ.எஸ். இசட் 2801 மதிப்பு 2.0-ஐத் தேர்ச்சி எல்லையாக வைக்கிறது. மேலே சொன்ன கணக்கில் மதிப்பு 2.0 என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 5,000 செல்கள் மிஞ்சும். 100 சதுர சென்டிமீட்டருக்கு 5 லட்சம். இரண்டாம் படியில் எழுதிய 10,000 என்ற வரம்புக்கு இது 50 மடங்கு. சோதனையில் இடும் சுமை கேபினில் சேர்வதைவிடப் பெரியது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆயினும், 2.0 வந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், எஷெரிகியா கோலை ஆகிய இரண்டும் தரநிலை கேட்பவை. நீர்க்குழாய்க்கான பூச்சென்றால் விண்வெளி நிலைய நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரால்ஸ்டோனியா, பர்கோல்டேரியா இனங்களையும் சேருங்கள். வெள்ளியைத் தாங்கும் திரிபுகள் அவற்றில் உண்டு.

9. உலர்நிலைச் சோதனை

தொடுபரப்புக்கான பூச்சை எட்டாம் படியின் முடிவோடு விட்டுவிட்டால், 35 டிகிரி வெப்பமும் நீர்ப்படலமும் உள்ள, கேபினில் எங்கும் இல்லாத ஒரு சூழலுக்குத்தான் சான்று வாங்கியிருக்கிறோம். வெள்ளிப் பூச்சுகள் அங்கே உயர்ந்த மதிப்பெண் பெற்று, அறை வெப்பநிலையில் 20 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் நிற்பது பலமுறை காட்டப்பட்ட விளைவு.

மிகச் சிறிய துளிகளாகப் பாக்டீரியாவைத் தெளித்து அல்லது தடவி, சில நிமிடங்களில் உலரவிட்டு, உங்கள் கேபினின் வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்து, 30 நிமிடம், 2 மணி, 24 மணி என மூன்று நேரங்களில் எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 99.9 விழுக்காடு குறைவு என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செம்புக் கலவைகளுக்குக் கேட்ட அளவு. தொடுபரப்புக்கு அதையே இலக்காக வைக்கலாம். உலர்தலே பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால், இங்கே பூசாத தகட்டின் எண் இல்லாமல் எந்த முடிவும் செல்லாது. கரைசலில் சிறிதளவு புரதம் சேர்த்து இன்னொரு தொகுதியும் நடத்துங்கள். வியர்வையும் தோல் செதிலும் இல்லாத கைப்பிடி எங்கும் கிடையாது.

10. முதுமையூட்டி, மீண்டும் எண்ணுங்கள்

வாரம் ஒருமுறை துடைப்பு என்றால் ஓராண்டுக்கு 52, மூன்றாண்டுக்கு 156 துடைப்புகள். பயணிகள் பயன்படுத்தும் அதே துடைப்பானை, ஒரே அழுத்தத்தில், இயந்திரக் கையால் அத்தனை முறை தேய்த்த பிறகு எட்டாம், ஒன்பதாம் படிகளை முழுமையாகத் திரும்பச் செய்யுங்கள். பாதி எண்ணிக்கையிலும் ஒருமுறை நிறுத்திச் சோதித்தால், திறன் சீராகக் குறைகிறதா, திடீரெனச் சரிகிறதா என்பது தெரியும்.

கேபின் அழுத்தம் இழக்கப்படும் நிலைமையையும் மறக்கக் கூடாது. ஒருமுறை வெற்றிடத்துக்கும் வெப்பச் சுழற்சிக்கும் உட்படுத்தி, கொப்புளமோ வெடிப்போ தோன்றுகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.

11. பூஞ்சையும் பழகிப்போதலும்

பாக்டீரியாவைத் தடுக்கும் பூச்சின் கரிமப் பிணைப்பி பூஞ்சைக்கு உணவாகலாம். ஏ.எஸ்.டி.எம். ஜி 21 முறையில் 28 நாள் வைத்து 0 முதல் 4 வரை மதிப்பிடுவது போதுமானது.

அயனி வெளியிடும் பூச்சென்றால், கொல்லாத அளவுச் செறிவில் பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அது தாங்கும் செறிவு ஏறுகிறதா என்று பாருங்கள். மூடிய கேபினில் அதே நுண்ணுயிர்க் கூட்டம் மாதக்கணக்கில் அதே பூச்சோடு வாழப்போகிறது. தாங்குதிறன் பெற்ற திரிபு அங்கிருந்து வெளியேற வழியும் இல்லை.

12. பறப்பு மாதிரிகளை வடிவமையுங்கள்

வெள்ளியும் ருத்தீனியமும் சேர்ந்த ஏஜிஎக்ஸ்எக்ஸ் பூச்சை விண்வெளி நிலையத்தின் கழிப்பறைக் கதவில் பொருத்திச் சோதித்த ஆய்வு, 2019-இல் வெளியானது. 6 மாதத்தில் அப்பூச்சிலிருந்து பாக்டீரியா எதுவும் மீட்கப்படவில்லை. 12, 19 மாதங்களில் சில மீட்கப்பட்டன. தூசியும் இறந்த செல்களும் படிந்து தொடுகையை மறைத்ததே இதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. ஒரே கால அளவில் மாதிரிகளைத் திரும்பக் கொண்டுவந்திருந்தால் இந்தச் சரிவு தெரிந்தே இராது. எனவே குறைந்தது மூன்று கால அளவுகளுக்கு மாதிரி அனுப்புங்கள்.

பூசிய தகடு, செயற்பொருளற்ற பூச்சுத் தகடு, வெற்று எஃகுத் தகடு ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில், ஒரே காற்றோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். அவற்றின் வரிசையைச் சட்டத்துக்குச் சட்டம் மாற்றுங்கள். எப்போதும் காற்றுவாய்க்கு அருகில் இருக்கும் தகடுதான் அதிகத் தூசி வாங்கும். பிரெஞ்சு விண்வெளி முகமை 2016-இல் தொடங்கிய மாடிஸ் ஆய்வில் நீர்விலக்கிப் பரப்புகள் தாங்கிகளில் வைக்கப்பட்டு, காற்றில் வருவது தானே படியவிடப்பட்டது. 2021-இல் சென்ற ஐரோப்பிய விண்வெளி வீரர் மத்தியாஸ் மௌரரின் பயணத்தில் நடந்த தொடுபரப்பு ஆய்விலோ, லேசரால் நுண்வடிவம் பொறித்த செம்பு, பித்தளைப் பரப்புகளை விண்வெளி வீரர்கள் முறையாகக் கையால் தொட்டார்கள். உங்கள் பரப்பு முதலாம் படியில் எந்த வகையில் விழுந்ததோ, அதற்கேற்ப இவற்றில் ஒன்றைப் பின்பற்றுங்கள். தொடப்படும் பரப்புக்கான மாதிரியைத் தொடாமல் மூலையில் பொருத்தி அனுப்பினால், திரும்பி வருவது தூசியைப் பற்றிய தரவுதான்.

திரும்பி வந்த மாதிரிகளை எண்ணும்போதும் ஏழாம் படியில் சரிபார்த்த அதே நடுநிலையாக்கியைத் துடைப்பானில் நனைத்துப் பயன்படுத்த வேண்டும். தரையிறங்கியதிலிருந்து ஆய்வகம் சேரும்வரை மாதிரி எந்த வெப்பநிலையில் இருந்தது என்ற பதிவையும் இணையுங்கள். அந்த இடைவேளையிலும் பூச்சு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பூசாத தகட்டில் பாக்டீரியா வளர்ந்துகொண்டும் இருக்கும். தரையில் அதே கால அளவு, அதே சட்டத்தில் வைத்த இணைத் தொகுதியை அதே நாளில், அதே கைகளால் எண்ணி முடித்த பிறகு எண்களைத் திறந்து ஒப்பிடுங்கள்.